தோண்டிய ஏரிகளும் தொலைந்த பூண்டும்

இங்கிலாந்தின் கிழக்குக் கோடியில், நார்ஃபோக் பிரதேசத்தில், நாணற்காடுகளுக்கிடையே ஆழமின்றிப் பரந்து கிடக்கும் ‘பிராட்ஸ்’ என்னும் ஏரிகள் இயற்கையின் சிருஷ்டி என்றுதான் வெகுகாலம் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 1950-களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியல் அம்மையார் வரிசை வரிசையாகத் துளையிட்டு அடிமண்ணை எடுத்துப் பார்த்து, கரைகள் மண்வெட்டியால் செதுக்கியதுபோலச் செங்குத்தாக இறங்குவதைக் கண்டு, 12-ஆம் நூற்றாண்டு முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை அடுப்பெரிப்பதற்காக மக்கிய புற்கரியை வெட்டியெடுத்த குழிகளே இவை என்று நிலைநாட்டினார். நாரிச் மடாலயத்து மடைப்பள்ளி மட்டுமே ஆண்டுக்கு லட்சக்கணக்கான கரிக்கட்டிகளை எரித்ததாம். கடல்மட்டம் உயர்ந்து, குழிகளில் வெள்ளம் புகுந்தது. தொழில் மடிந்து, ஏரி பிறந்தது.

பல நூற்றாண்டுகள் அந்த ஜலம் ஸ்படிகமாகவே இருந்தது. அடியில் ‘கேரா’ என்றொரு பூண்டு கம்பளம்போல் படர்ந்திருந்தது. தொட்டால் சுண்ணாம்பு படிந்து நெருடும், கசக்கினால் வெள்ளைப்பூண்டின் நாற்றம் வீசும். பூண்டு என்னும் நம் சொல் இதற்கு இரு பொருளிலும் பொருந்துவது ஒரு விநோதம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தப் பசுமை மறைந்தது. ஊர்ச் சாக்கடையும் வயல் உரமும் கொண்டுவந்த பாஸ்பரஸால் நுண்பாசி பெருகி, ஜலம் கலங்கி, வெளிச்சமற்ற பூண்டுகள் அழிந்தன என்பது மெய்யே. ஆனால் அது பாதிக் கதைதான். பாசியை வடிகட்டித் தின்னும் நீர்த்தெள்ளு என்ற கடுகளவுப் பிராணியை ரோச், பிரீம் என்னும் மீன்களின் குஞ்சுகள் விழுங்குகின்றன; வளர்ந்த பிரீமோ இரை தேடிச் சேற்றைக் கிளறி ஜலத்தை மேலும் கலக்குகிறது. பூண்டு செழித்திருந்தவரை தெள்ளு பகலில் அதனுள் ஒளிந்து உயிர் பிழைத்தது. ரோச்சை வேட்டையாடும் பைக் மீனும் அதே மறைவில்தான் பதுங்கியிருந்தது. பூண்டு போனபின் தெள்ளுக்குப் புகலிடமில்லை, ரோச்சுக்குப் பகையுமில்லை.

காக்‌ஷூட் என்னும் சிற்றேரியில் இது கண்கூடாயிற்று. 1982-இல் ப்யூர் ஆற்றிலிருந்து அதை அணையிட்டுப் பிரித்து, அடிச்சேற்றையும் இறைத்து அகற்றினார்கள். ஜலம் தெளிந்து, பூண்டு தலைகாட்டியது. இரண்டொரு ஆண்டில் மீன்குலம் பெருகவே, பழையபடி கலங்கியது. சேற்றுக்கும் சாக்கடைக்கும் வகைசெய்தவர்கள் மீனை மறந்துவிட்டார்கள் என்று நான் சொன்னால் பின்புத்தியாகத்தான் தோன்றும். அன்று எவருக்குத்தான் அந்தச் சந்தேகம் எழுந்திருக்கும்? 1989-ஐ ஒட்டிய குளிர்காலங்களில் மீன்களைப் பிடித்து அப்புறப்படுத்திய பிறகே தெள்ளு பெருகி, அடித்தரை கண்ணுக்குத் தெரிந்து, பூண்டுகள் மீண்டும் வேரூன்றின. அணைக்கு அப்பால், ஆற்றில், பிரீம் மீன்கள் முன்போலவே சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன.