தெரு விளக்குக்கு யார் காசு கொடுப்பது?



சொத்து வரி கட்டிவிட்டு வந்த பழைய மாணவர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "சார், நெடுஞ்சாலையில் டோல் வாங்குகிற மாதிரி, தெருவுக்கும் விளக்குக்கும் பயன்படுத்துகிறவர்களிடமே வாங்கிவிட்டால் என்ன?" நல்ல கேள்வி. லண்டன் மாநகரம் இதை இருநூறு வருடத்துக்கு மேல் செய்து பார்த்திருக்கிறது. அந்தக் கதையைச் சொல்கிறேன். பரீட்சை கிடையாது, பயப்படாமல் படியுங்கள்.

முதலில் விளக்கு. 17ஆம் நூற்றாண்டு லண்டனில் இருட்டிய பிறகு வெளியே போகிறவர்கள் தீவட்டிப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். சில்லறைக் காசு கொடுத்தால் பந்தத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பான். பயன்படுத்துகிறவர் கட்டணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. காசு இருந்தால் வெளிச்சம், இல்லாவிட்டால் இருட்டு. சில பையன்கள் திருடர்களுக்குக் கூட்டாளிகள் என்று அந்தக் காலத்து எழுத்தாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

குளிர்கால இரவுகளில் அவரவர் வாசலில் விளக்கு மாட்ட வேண்டும் என்ற உத்தரவும் இருந்தது. சொன்னபடி செய்தவர்கள் குறைவு. 1680களில் ஹெமிங் என்பவர் அரசரிடம் தனியுரிமை வாங்கினார். பத்து வீட்டுக்கு ஒரு விளக்கு, நிலா இல்லாத இரவுகளில் மட்டும், மாலை 6 மணி முதல் 12 மணி வரை, அதுவும் குளிர்கால அரையாண்டுக்கு மட்டும். பிறகு விளக்குக் கம்பெனிகள் வந்தன. கம்பெனிக்குக் காசு கட்டுகிறவர் தன் வாசலில் விளக்கு மாட்ட வேண்டியதில்லை.

சிக்கல் எங்கே என்று பாருங்கள். வெளிச்சத்துக்கு வேலி போட முடியாது. ஒருவர் காசில் எரியும் விளக்கில், காசு கட்டாதவரும் நடந்துதான் போவார். கட்டணம் வராத இடத்தில் விளக்கு வைக்க எந்தக் கம்பெனிக்கும் ஆசை இருக்காது. ஆனால் வழிப்பறிக்காரன் தேடுவது அந்த இருட்டுச் சந்தைத்தான். கடைசியில் 1736இல் நாடாளுமன்றம் லண்டன் நகருக்குத் தனிச் சட்டம் போட்டது. வருடம் முழுவதும், பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை விளக்கு எரிய வேண்டும். செலவுக்கு வீட்டு வாடகை மதிப்பை ஒட்டி வரி.

அடுத்து சாலை. 1555ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊர்மக்கள் வருடத்தில் 4 நாள் கூலியில்லாமல் சாலை வேலை செய்ய வேண்டும். 1563இல் அது 6 நாளாயிற்று. யாரோ ஓட்டும் பாரவண்டி கெடுத்த சாலைக்கு நாம் ஏன் மண் சுமக்க வேண்டும் என்று கேட்டால் அது நியாயம்தானே? 1663இல் லண்டனிலிருந்து வடக்கே போகும் பெரும்சாலையில் வேட்ஸ்மில் என்ற இடத்தில் முதல் சுங்கக் கதவு போட்டார்கள். 1830களில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாலை அறக்கட்டளைகள் இருந்தன. பலன் கண்கூடு. 1750களில் எடின்பரோவிலிருந்து லண்டனுக்குக் கோடையில் 10 நாள் எடுத்த குதிரை வண்டி, 1830களில் இரண்டே நாளில் போய்ச் சேர்ந்தது.

அதே கதவு தினசரி வாழ்க்கைக்குள் வந்தபோது கதை மாறியது. வேல்ஸில் வயலுக்குச் சுண்ணாம்பு ஏற்றிவந்த சிறு விவசாயி, கதவுக்குக் கதவு காசு கொடுக்க வேண்டியிருந்தது. 1839இலும், பிறகு 1842-43இலும் விவசாயிகள் பெண் வேடமிட்டு இரவோடு இரவாகக் கதவுகளை உடைத்தார்கள். ரெபெக்கா கலகம் என்று வரலாற்றில் பெயர். நெரிசல் பெருகிய லண்டனில் கதவுகள் வண்டிகளை மறித்து நின்றன. 1864 ஜூலை 1ஆம் தேதி தேம்ஸ் நதிக்கு வடக்கே மட்டும் 81 கதவுகளை ஒரே நாளில் எடுத்தார்கள். சாலைப் பராமரிப்பு உள்ளூர் வரிக்குப் போயிற்று. ரயிலோடு போட்டிபோட முடியாத மற்ற அறக்கட்டளைகளும் ஒவ்வொன்றாக மூடி, 1895இல் கடைசிச் சாலையும் சுங்கத்திலிருந்து விடுபட்டது.

பயனாளர் கட்டணமே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2003 முதல் அதே லண்டன், நகரின் மையத்துக்குள் வரும் கார்களிடம் நெரிசல் கட்டணம் வாங்குகிறது. கேமரா எண் பலகையைப் படித்துவிடுகிறது, கதவு வேண்டாம். பேருந்தில் வருகிறவருக்கும் நடந்து வருகிறவருக்கும் அந்தக் கட்டணம் கிடையாது. இடத்தை அடைத்துக்கொள்பவர் கொடுக்கட்டும், சரிதான்.

ஆனால் இரவு வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து வரும் பெண்ணிடம் விளக்குக்குக் காசு கேட்க முடியுமா? அவள் வரும் வழியில் வெளிச்சம் இருந்தால் அந்தத் தெருவில் இருக்கும் அத்தனை பேருக்கும் பாதுகாப்பு. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். வரி கூடுதலா, அந்தப் பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று தாராளமாகச் சண்டை போடுங்கள். அது குடிமக்களின் கடமை. விளக்கு மட்டும் எல்லாருக்கும் எரியட்டும்.

உங்கள் தெருவுக்கு முதல் விளக்கு எப்போது வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக் கீழே எழுதுங்கள். வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.