துரையின் காரும் பெரியப்பாவின் தகரப்பெட்டியும்

மலையக வரலாற்றை எழுதியோர் லயத்தைப் பற்றியும் பெரட்டுக்களத்தைப் பற்றியும் நிறையவே எழுதியுள்ளனர். துரை பங்களாவின் பின்புறத்தில் இருந்த கார் கொட்டகையைப் பற்றி எழுதியவர் அரிது. துரையின் ஆடம்பரத்தைப் பற்றி நமக்கென்ன என்று விட்டிருக்கலாம். ஆனால் அக்கொட்டகைக்குள் எண்ணெய்க் கையோடு நின்றவர்கள் நம்மவர்கள். என் பெரியப்பா அவர்களுள் ஒருவர். ஆகவே இன்று நேயர்களோடு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிப் பேச எண்ணுகின்றேன். தமிழாசிரியனுக்கு இது ஏன் என்று கேட்போர் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

ஊவாவின் பாதைகள் காருக்கு முந்தியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் இப்பகுதிப் பாதைகளை அமைத்தவராகப் பேசப்படுகின்றார். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்திய அந்த மனிதர் 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். பாதையை உண்மையில் வெட்டியவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. பின்னர் கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1924இல் ரயில் பதுளையை எட்டியது. 1904இலேயே இலங்கையில் மோட்டார்ச் சங்கம் தோன்றிவிட்டது. 1934இல் நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி ஆரம்பமானபோது, தோட்டத் துரைமாருக்குக் கார் என்பது போக்குவரத்துச் சாதனம் மாத்திரமன்று, விளையாட்டுப் பொருளும் ஆயிற்று. ஏப்ரல் பருவகாலம் வந்தால் ஊவாத் தோட்டங்களிலிருந்தும் துரைமார் வெலிமடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுவர்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் துரைக்கு 1952இல் ஒரு கார் வந்தது. எம்.ஜி. ரி.டி. என்ற வகை. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள அபிங்டனில் 1953 வரை கட்டப்பட்ட இவ்வகைக் கார்கள் ஏறத்தாழ 30,000. அவற்றுள் பெரும்பான்மை அமெரிக்காவுக்குக் கப்பலேறின. இரண்டு ஆசனம், மடக்கும் துணிக்கூரை, 1250 சிசி எஞ்சின், இரட்டைக் கார்பரேட்டர். அதே ஆண்டு பதினான்கு வயதில் பெரியப்பா அத்தோட்டத்துக் கராஜில் கையாளாகச் சேர்ந்தார். காரும் அவரும் ஒரே வருடத்து ஆட்கள் என்று அப்பா சொல்வார்.

அந்தக் காரைத்தான் 2023 டிசம்பர் விடுமுறையில் மீண்டும் பார்த்தேன். கொழும்பில் பொறியியலாளராக இருக்கும் என் பழைய மாணவனொருவனுக்கு நெடுநாளாகவே பழைய ஸ்போர்ட்ஸ் கார் மோகம். 2020இலிருந்து வாகன இறக்குமதி நின்றிருந்த காலம் அது. பழைய கார்களின் விலை எங்கோ போய்விட்டிருந்தது. பதுளையில் ஒரு வீட்டுக் கொட்டகையில் எம்.ஜி. ஒன்று விற்பனைக்கு நிற்பதாகக் கேள்விப்பட்டு, “சேர், ஐயாவையும் கூட்டிக்கொண்டு வாங்க” என்றான். அப்பாவுக்கு அப்போது எழுபத்தாறு வயது. தோட்ட லொறி ஓட்டியவர்.

கொட்டகையில் மாணவன் முதலில் பார்த்தது வர்ணத்தை. சிவப்பு மினுமினுத்தது. அப்பா வர்ணத்தின் பக்கமே திரும்பவில்லை.

“தம்பி, பெயின்ட்ட பார்க்காதீங்க. கதவைத் திறந்துவிட்டுப் பாருங்க, தொங்குதான்னு.”

இவ்வகைக் காரின் சட்டகம் இரும்பு. ஆனால் உடம்பின் எலும்புக்கூடு மரம். சீமையிலே ஆஷ் என்னும் மரத்தில் செய்து, அதன்மேல் தகட்டைப் பொருத்தினர். ஆடி, ஆவணியில் வீசும் காற்றே ஊவாத் தேயிலைக்குத் தனி வாசத்தைத் தருகின்றது. அதே காற்று மரத்தை வெடிக்கச் செய்கின்றது. ஐப்பசியில் மழை வந்தால் வெடிப்புக்குள் நீர் இறங்கும். பிறகு கறையான். கதவு தொங்கினால் மரம் போயிற்று என்று பொருள். மரம் போன காரை வாங்குவதிலும் துருப்பிடித்த காரை வாங்குவது மேல் என்பது அப்பாவின் கட்சி: துரு கண்ணுக்குத் தெரியும். அவர் சாவியின் முனையால் கதவடிக் கட்டையைத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் ஓசை மாறிற்று. “இது பலா. தோட்டத்து ஆசாரி போட்டது” என்றார். அறுபது ஆண்டுப் பழைய பலா. உளுக்கவில்லை.

அடுத்தது எண் தகடு. இந்நாட்டில் காரின் எண் தகட்டை வாசிக்கத் தெரிந்தவனுக்கு வரலாறும் தெரியும். ஐம்பதுகளின் நடுப்பகுதிவரை பதிவான கார்களுக்கு ஆங்கில எழுத்துகள். 1957இலிருந்து சிங்கள ‘ஸ்ரீ’. 1958இல் அவ்வெழுத்துக்கு எதிராகத் தமிழ்ப் பகுதிகளில் தார் பூசும் இயக்கம் நடந்ததும், அது மலையகத்தையும் தொட்டதும், அவ்வாண்டு நடுப்பகுதியில் நாடு பட்ட பாடும் வாசகர் அறிந்தவை. இந்தக் காரின் தகட்டில் ஆங்கில எழுத்தே இருந்தது. எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்று மாணவன் பார்த்தான். பொருந்தின. உரிமையாளர் பக்கத்தில் முதலில் ஓர் ஆங்கிலப் பெயர், அதன்கீழ் இன்னொன்று, பிறகு உள்ளூர்ப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் திகதியும் முத்திரையும்.

அப்புத்தகத்தை நான் நெடுநேரம் கையில் வைத்திருந்தேன். 1948இல் வந்த பிரசாவுரிமைச் சட்டத்தின்படி என் பெரியப்பா நாடற்றவர். இந்த மண்ணில் பிறந்து, இந்தக் காரின் ஒவ்வொரு ஆணியையும் கழற்றிப் பூட்டிய மனிதருக்குத் தாம் எந்நாட்டார் என்று காட்ட ஒரு தாள் இருக்கவில்லை. காருக்கு இருந்தது.

1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. பெரியப்பா 1974இல் தலைமன்னாரில் கப்பலேறினார். தோட்டங்களில் மாவுக்கும் அரிசிக்கும் அலைந்த பஞ்சகாலம் அது. அடுத்த ஆண்டு வெளிநாட்டுக் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாகிக் கடைசி வெள்ளைத் துரையும் போனார். துரை காரை விற்றுவிட்டுப் போனார். பெரியப்பா தமது கருவிகள் அடங்கிய தகரப்பெட்டியைத் தம்பியிடம் விட்டுப் போனார். பாரம் கூடிவிடும் என்று பயம். நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்கென உருவான தேயிலைத் தோட்டத்தில் மீண்டும் கொழுந்துப் பாரம் சுமந்தார். அங்கே கராஜ் வேலை கிடைக்கவில்லை. 1983 ஜூலையில் பதுளை எரிந்தபோது அவர் எழுதிய கடிதங்கள் எல்லாம் போயின. பெட்டி இரும்பு, தப்பிக்கொண்டது.

இனி அந்தப் பெட்டியின் அருமை. இந்த எம்.ஜி. எஞ்சினில் ஒரு விசித்திரம் உண்டு. முதலாம் உலகப் போரின்போது ஹொட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பனி இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் ஆலை அமைத்தது. போர் முடிந்தபின் மொரிஸ் கார்களுக்கு எஞ்சின் செய்து கொடுத்தது. 1923இல் மொரிஸ் அவ்வாலையை வாங்கிவிட்டார். ஆலை இயந்திரங்கள் பிரெஞ்சு அளவின. எனவே ஆணியின் புரி மெற்றிக். ஆனால் இங்கிலாந்து ஸ்பானர் பிடிக்கவேண்டுமே என்று தலையை மட்டும் விட்வேர்த் அளவில் வைத்தனர். எம்.ஜி. அந்த மரபில் வந்தது. உடல் ஒரு நாடு, தலை ஒரு நாடு. கடையில் கிடைக்கும் மெற்றிக் ஸ்பானரைப் போட்டால் தலை உருண்டு போகும். சாதாரண அங்குல ஆணியைத் திணித்தால் புரி நாசம். பெரியப்பாவின் பெட்டியில் விட்வேர்த் ஸ்பானர்கள் ஒரு கட்டு முழுதாக இருந்தன.

அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி ஏறத்தாழ அற்றுப்போயிற்று, 1977வரை அந்நிலைதான். உதிரிப்பாகம் இல்லை. இருந்ததைத் தட்டியும் ஒட்டியும் கடைந்தும் கார்களை உயிரோடு வைத்திருந்தனர். இக்கைத்திறன் வீண்போகவில்லை: பிற்காலத்தில் மொரிஸ் மைனர் காருக்கான பாகங்களை இலங்கையிலே செய்து இங்கிலாந்தின் பாத் நகருக்கு அனுப்பும் அளவுக்குப் போயிற்று. பிறேக் எண்ணெய் கிடைக்காதபோது ஆமணக்கெண்ணெயில் சாராயம் கலந்து ஊற்றியதாக அப்பா சொன்னபோது நான் நம்பவில்லை. பின்னர் படித்தேன்: ஆரம்பகாலப் பிறேக் திரவங்களே ஆமணக்கெண்ணெயும் மதுசாரமும் கலந்தவைதாம். கனிய எண்ணெயை ஊற்றினால்தான் ரப்பர் வீங்கிப் பிறேக் பிடித்துக்கொள்ளும். இதைப் படித்துவிட்டு இன்று எவரும் சாராயத்தை ஊற்றவேண்டாம். நல்ல திரவம் கடையில் இருக்கின்றது. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிறேக் உள்ள இக்காரில் பெரகலையிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்குவோர் இரண்டாம் கியரை நம்பவேண்டும். மிதித்துக்கொண்டே போனால் டிரம் காய்ந்து பிடி விட்டுவிடும்.

மாணவன் காரை வாங்கினான். எஞ்சின் ஓட ஏழு மாதமாயிற்று. ஓடியும் ஏற்றத்தில் விக்கிற்று. எஸ்.யு. கார்பரேட்டர் இரண்டும் ஒத்து மூச்சுவிட வேண்டும். கீழேயுள்ள ஆறு பட்டை நட்டை மேலே ஏற்றினால் பெற்றோல் குறையும். கீழே இறக்கினால் கூடும். பதுளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர், ஹப்புத்தளை அதைப்போல இருமடங்கு. மேலே காற்று மெலிவதால் ஓர் ஊருக்குச் சரியானது மற்ற ஊருக்குச் சரிவராது. மாணவன் கைநூல் வைத்துத் திருகினான். கருவி வைத்து அளந்தான். விக்கல் நிற்கவில்லை.

அப்பா என்னிடம் கைபேசியைக் கேட்டார். கோத்தகிரிக்கு அழைத்தோம். பெரியப்பாவுக்கு வயது எண்பத்தாறு; கண் மங்கிவிட்டது. முகம் பார்க்கும் அழைப்பு வேண்டாம் என்றார். அப்பா எஞ்சின் மூடியைத் திறந்து, கைபேசியை முதல் கார்பரேட்டரின் வாயருகே பிடித்தார். பின் இரண்டாவதன் அருகே. ஒரு நிமிடம் இருக்கும்.

“பின்னால உள்ளது பட்டினி கெடக்குடா. ஒரு பட்டை எறக்கு. ஒண்ணுதான்.”

மாணவன் தன் புதிய ஸ்பானரை எடுத்தான். அப்பா அவன் கையைத் தடுத்துவிட்டுத் தகரப்பெட்டியைத் திறந்தார்.