துபாஷித் தொழிலும் அறக்கொடையும்: பச்சையப்ப முதலியார் அறக்கட்டளையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட துபாஷிகள் பெரும்பொருள் ஈட்டினர். அதன் ஒரு பகுதி அறக்கொடையாகச் சமூகத்திற்குத் திரும்பியது. பச்சையப்ப முதலியாரின் (1754–1794) உயிலும் அதன்வழி உருவான கல்வி நிறுவனமும் இதற்குத் தக்க சான்று. கொடையாளர் எழுதிய நோக்கம் பிற்காலத்தில் எவ்வாறு பொருள்கொள்ளப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: துபாஷி, அறக்கட்டளை, உயில், பச்சையப்பர், பாராமகால், கல்வி வரலாறு.

முன்னுரை

இன்றைய தர்மபுரி மாவட்டத்தின் இண்டூர், பென்னாகரம் முதலிய ஊர்கள் அமைந்த பாராமகால் நிலப்பகுதி, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதன் நிருவாகத்தைச் சென்னையின் குடிமைப்பணி அதிகாரிகளிடம் ஒப்படைக்கக் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் விரும்பவில்லை. அவர்கள் நாட்டு மொழிகளை அறியாமல் துபாஷிகளையே சார்ந்திருந்தனர் என்பது அவர் கண்ட குறை. ஆகவே மொழியறிவுடைய படை அதிகாரியான அலெக்சாண்டர் ரீட் பொறுப்பேற்றார். தாமஸ் மன்றோ அவருடைய உதவியாளர்களுள் ஒருவரானார். மன்றோ பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றவர்.

இந்நியமனம் துபாஷிகளின் செல்வாக்கு எங்கிருந்து பிறந்தது என்பதைத் தெளிவாக்குகிறது. ஆள்வோர் மொழியறியாத இடத்தில் இடைநிற்பவர் வலிமை பெறுகிறார். அவ்வலிமை ஈட்டிய பொருள் எங்குச் சென்றது என்பதே இங்கு எழும் வினா.

துபாஷி என்னும் தொழில்

துபாஷி என்னும் சொல் இருமொழி வல்லவரைக் குறிக்கும். ஆயினும் அவர் பேச்சை மட்டும் பெயர்த்துரைத்தவர் அல்லர். வணிகப் பேரம், கடன் ஏற்பாடு, வரிக் குத்தகை, அரசியல் தூது ஆகியனவும் அவர்வழியே நடந்தன. ஊதியத்தைவிடத் தரகும் வட்டியுமே அவருக்குப் பெருவருவாய் தந்தன. புதுச்சேரியில் துய்ப்ளேக்சிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இத்தொழிலின் விரிவை விளக்கும் முதன்மை ஆவணமாகும்.

இத்தொழிலுக்கு மறுபக்கமும் உண்டு. சென்னையில் ஹாலண்டு சகோதரர்களின் துபாஷியாக இருந்த அவதானம் பாப்பையா, கம்பெனி அதிகாரி டேவிட் ஹாலிபர்ட்டனுக்கு எதிராகச் சதி செய்ததாக 1792இல் விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றார். காரன்வாலிசின் ஐயம் அடிப்படையற்றதன்று என்பதை இவ்வழக்கு காட்டும். துபாஷிகளின் கொடையை ஆராய்வோர் அக்கொடைக்குப் பின்னிருந்த பொருளீட்டலையும் மறவாதிருத்தல் வேண்டும்.

பச்சையப்பரின் உயில்

பச்சையப்பர் பிறக்கும் முன்னரே தந்தையை இழந்தவர். சென்னையில் துபாஷியாக விளங்கிய நாராயண பிள்ளையின் ஆதரவில் வளர்ந்து, இளமையிலேயே அத்தொழிலில் நுழைந்தார். பின்னர்த் தஞ்சையில் கம்பெனிக்கும் மராட்டிய அரசவைக்கும் இடையிலான பணத் தொடர்புகளில் ஈடுபட்டுப் பெருஞ்செல்வரானார். சிதம்பரம் கோயிலின் கீழைக் கோபுரத் திருப்பணி அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது.

1794 மார்ச் 22 அன்று எழுதிய உயிலில், ஒரு லட்சம் வராகனை அறப்பணிகளுக்கென அவர் ஒதுக்கினார். சிவன், திருமால் கோயில்களின் வழிபாடு, திருத்தலங்களில் அறச்செயல்கள், ஏழையர்க்கு உதவி, வடமொழிக் கல்வி ஆகியன அவர் குறித்தவை. ஆங்கிலக் கல்வி அவற்றுள் இல்லை. அதே மாதம் 31ஆம் நாள் அவர் மறைந்தார்.

உயில் பெற்ற புதுப்பொருள்

உயிலை நிறைவேற்றும் பொறுப்பு நாராயண பிள்ளையிடம் இருந்தது. ஆனால் கொடையாளர் கருதியவாறு அறங்கள் நடைபெறவில்லை; சொத்து நெடுங்கால வழக்கில் சிக்கியது. சென்னை அரசின் தலைமை வழக்கறிஞர்களான ஹெர்பர்ட் காம்ப்டன், ஜார்ஜ் நார்ட்டன் ஆகியோரின் முயற்சியால் நிதி மீட்கப்பட்டது. இதற்கிடையில் வட்டி சேர்ந்து தொகை பெருகியிருந்தது. உயில் குறித்த சமய அறங்களுக்கு வேண்டியது போக எஞ்சிய தொகையைக் கல்விக்குப் பயன்படுத்த நீதிமன்றத்தின்வழி திட்டம் வகுக்கப்பட்டது. 1842இல் சென்னையில் பள்ளி தொடங்கப்பட்டது. ஏதென்சு நகரத் தீசியசு கோயிலின் சாயலில் எழுப்பப்பட்ட அதன் கட்டடத்தை 1850இல் ஆளுநர் ஹென்றி பாட்டிஞ்சர் திறந்துவைத்தார். அந்நிறுவனம் பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது.

பொது நன்மை என்னும் கருத்தை ஆங்கிலச் சட்ட மரபு தனக்குரிய முறையில் பொருள்கொண்டு, வடமொழிக் கல்விக்கென எழுதியவரின் பணத்தை ஆங்கிலக் கல்விக்கு ஆற்றுப்படுத்தியது. இருமொழியால் பொருளீட்டியவரின் விருப்பமே வேறொரு மொழியின் சட்டத்திற்குள் பெயர்த்தெழுதப்பட்டது. மூலத்திலிருந்து விலகிய பெயர்ப்பு எனினும், அது பயனற்றதன்று. ஒரு சிலரிடம் மட்டும் இருந்து செல்வமாக மாறிய ஆங்கில அறிவு, அப்பணத்தாலேயே வகுப்பறைக்கு வந்தது. கணிதமேதை இராமானுசனும் சி. என். அண்ணாதுரையும் இக்கல்லூரியில் பயின்றவர்கள்.

இம்மாற்றத்திற்கும் எல்லை இருந்தது. நிதியின் பயன் விரிந்தபோதும் பயனாளர் வட்டம் அதே அளவில் விரியவில்லை. கொடையாளரின் சமயத்தைக் காரணமாகக் கொண்டு, 1947 வரை இந்து மாணவர்களே கல்லூரியில் சேர்க்கப்பட்டனர். பாடத்தைப் பொறுத்தவரை உயிலின் சொல்லைக் கடந்தவர்கள், சேர்க்கையில் அதன் சமய வரம்பைப் பற்றி நின்றனர். எந்தச் சொல்லைத் தளர்த்துவது, எதை இறுக்கிப் பிடிப்பது என்பதை நிருவகித்தோரின் காலக் கண்ணோட்டமே முடிவுசெய்தது.

முடிவுரை

பாராமகாலில் துபாஷியைத் தவிர்த்தமையால் மொழிபெயர்ப்பின் தேவை நீங்கிவிடவில்லை. அப்பணி கச்சேரி ஊழியர்களின் கடமையாயிற்று. 1812இல் சென்னையில் எல்லிசின் முயற்சியால் அமைந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி கம்பெனி இளைஞர்களுக்கு நாட்டு மொழிகளைக் கற்பித்தது. இவ்வாறு துபாஷியின் தனிவலிமை குறைந்தபோதும், அத்தொழில் ஈட்டிய நிதி நிலைத்தது.

இவ்வரலாற்றிலிருந்து இரு முடிவுகளைப் பெறலாம். ஒன்று, கொடையின் பயன் அதன் மூலப்பொருள் ஈட்டப்பட்ட முறை பற்றிய வினாவிற்கு விடையாகாது. இரண்டும் தனித்தனியே ஆராயப்பட வேண்டியவை. மற்றொன்று, அறக்கட்டளை கொடையாளரின் ஈகையால் மட்டும் வாழ்வதில்லை. அவர் சொல்லுக்குத் தலைமுறைதோறும் பொருள் கூறுவோரின் நேர்மையாலும் வாழ்கிறது. பச்சையப்பரின் உயில் எழுதப்பட்டபின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்தே அப்பள்ளி திறக்கப்பட்டது. அந்த இடைவெளியைக் கொடையின் வரலாற்றிலிருந்து விலக்கிவிட்டு, நிறுவனத்தின் தோற்றத்தை மட்டும் போற்றுவது முழுமையான வரலாறு ஆகாது.