வீண்புகை தந்த விசை

1985ஆம் ஆண்டு பினாங்குப் பாலம் முறைப்படி திறந்துவைக்கப்பட்டபோது, அன்றைய பிரதமர் மகாதீர் புரோட்டோன் சாகா காரைத் தாமே ஓட்டிப் பாலத்தைக் கடந்தார். ஜெலுத்தோங் கடற்கரையில் நின்று தெற்கே நோக்குவார்க்கு அப்பாலம் கண்ணில் படும். அந்தச் சாகாவின் பொறி, வெளிக்காற்றைத் தன் உறிஞ்சலாலேயே பெற்றுக்கொள்ளும் எளிய பொறி. 26 ஆண்டுகள் கழிந்து, 2011இன் இறுதியில், அதே நிறுவனம் எக்சோரா போல்டு என்னும் வண்டியில் 1.6 லிட்டர் டர்போ பொறியைப் பொருத்தி விற்பனைக்குக் கொணர்ந்தது. ஆயினும் டர்போ என்னும் கருத்து பிறந்தது 1905இல். கப்பலுக்கும் வானூர்திக்கும் எளிதில் வசப்பட்ட ஒரு கருவி, காருக்கு மட்டும் அரை நூற்றாண்டுக்கு மேல் வசப்படாதிருந்தது ஏன்? இவ்வினாவிற்கு விடை, பட்டறைப் போர்மன்கள் ‘டர்போ லேக்’ என்று வழங்கும் தாமதத்தில் அடங்கியுள்ளது.

பெட்ரோல் எரிவதற்குக் காற்று வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் 14.7 பங்கு காற்று தேவைப்படுகிறது. எனவே உருளைக்குள் புகும் காற்றின் அளவே பொறியின் ஆற்றலுக்கு எல்லை வகுக்கிறது. மறுபுறம், எரிபொருள் தரும் வெப்ப ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வீணே வெளியேறுகிறது. இவ்வீண்புகையைக் கொண்டே காற்றைத் திணிக்கலாம் எனக் கண்டவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியலார் ஆல்பிரட் பூக்கி. 1905இல் அவர் தம் கருத்திற்குக் காப்புரிமை பெற்றார். வெளியேறும் புகை ஒரு சுழலியின் சிறகுகளைத் தாக்கிச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை உள்ளிழுத்து அழுத்தி உருளைகளுக்கு அனுப்பும். அழுத்தப்பட்ட காற்று சூடேறி விரியுமாதலால், அதனைக் குளிர்வித்து அனுப்பும் அமைப்பும் பின்னாளில் சேர்ந்தது. அழுத்தம் எல்லை மீறாதவாறு புகையின் ஒரு பகுதியை வேறு வழியே திருப்பிவிட ஒரு கதவும் உண்டு.

பூக்கியின் கருத்து உடனே கனியவில்லை. 1920களின் நடுப்பகுதியில்தான் செர்மனியின் பயணிகள் கப்பல்கள் இரண்டின் டீசல் பொறிகளில் அது வெற்றி கண்டது. 1750 குதிரைத்திறன் தந்த பொறி 2500 தந்தது. இதற்குமுன் 1918இலேயே அமெரிக்காவில் சான்போர்டு மாஸ் என்பார், வானூர்திப் பொறி ஒன்றைக் கொலராடோவிலுள்ள பைக்ஸ் சிகரத்தின் மேல் கொண்டுசென்று ஆய்ந்தார். 14,000 அடிக்கு மேற்பட்ட அவ்வுயரத்தில் காற்று மெலிந்து பொறி தளரும். டர்போ பொருத்தியதும் இழந்த ஆற்றல் மீண்டது. அவ்வளவு உயரம் வேண்டா, 833 மீட்டர் உயரமுள்ள பினாங்குக் கொடிமலை உச்சியிலேயே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. 1957இல் மலாயா இரயில்வேக்கு வந்து சேர்ந்த 1500 குதிரைத்திறன் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் டீசல் எஞ்சின்களும் டர்போ பொருத்தியவையே.

கப்பலும் வானூர்தியும் நெடுநேரம் ஒரே வேகத்தில் ஓடுவன. கார் அத்தகையதன்று. சிவப்பு விளக்கில் நின்று, பச்சையில் பாய்ந்து, மீண்டும் நிற்பது அதன் வாழ்க்கை. நிற்கும் வேளையில் புகை குன்றுகிறது, சுழலி தளர்கிறது. அழுத்தம் சுழற்சியின் வேகத்தை ஒட்டிச் சமமாக உயர்வதில்லை. வேகம் பாதியானால் அழுத்த உயர்வு ஏறத்தாழக் காற்பங்காகிவிடும். ஓட்டுநர் மிதியை அழுத்தியதும் பொறி முதலில் தன் சொந்த மூச்சால் சிறிது கூடுதலாக எரிக்க வேண்டும். அதனால் புகை பெருக வேண்டும். புகையால் சுழலி விரைய வேண்டும். குழாய்களும் குளிர்விப்பானும் அழுத்தக் காற்றால் நிரம்ப வேண்டும். அதன் பின்னரே ஆற்றல் வரும். நிமிடத்திற்கு 1 இலட்சம் சுற்றுக்கு மேல் சுழல வேண்டிய சக்கரம் தன் சடத்துவத்தால் எளிதில் விரைவதில்லை. போதாக்குறைக்கு, அழுத்தக் காற்றால் எரிபொருள் தானே வெடித்துப் பொறி ‘தட்டாமல்’ இருக்கும்பொருட்டு அழுத்த விகிதத்தைக் குறைத்தமைத்தனர். ஆகவே டர்போ விழிக்கும் வரை அப்பொறி சாதாரணப் பொறியினும் சோம்பலாயிற்று. குறைந்த சுற்றில் அழுத்தமே எழாதிருப்பது வேறு, எழக்கூடிய நிலையிலும் நேரம் பிடிப்பது வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் பலர். தாமதம் என்பது பின்னதையே குறிக்கும்.

1962இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர் டர்போவுடன் வெளிவந்தது. பொறி தட்டாமலிருக்க அதற்கு நீரும் மெத்தனாலும் கலந்த தனித் திரவம் ஊற்ற வேண்டியிருந்தது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றவே மறக்கும் மனிதரிடம் இதனை ஒப்படைத்தது பேதைமையே. உரிமையாளர் பலர் ஊற்ற மறந்தனர். 1973இன் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ, எண்ணெய் நெருக்கடியில் சிக்கி 1,672 வண்டிகளோடு நின்றது. 1975இன் போர்ஷ 911 டர்போவோ அஞ்சத்தக்க பெயர் பெற்றது. வளைவின் நடுவே ஓட்டுநர் மிதியை அழுத்துவார்; ஒன்றும் நிகழாது; மேலும் அழுத்துவார்; திடீரென 260 குதிரைத்திறனும் பின்சக்கரங்களில் வந்திறங்கும். பொறியின் பாரம் பின்புறமே இருந்தமையால் வண்டி சுழன்று சாலையை விட்டகலும். சில நொடித் தாமதம் உயிரோடு விளையாடிற்று.

பந்தயக் களத்தில் ரெனோ நிறுவனம் 1977இல் டர்போ காரை இறக்கியபோது, அடிக்கடி புகை கக்கி நின்றமையால் ‘மஞ்சள் தேநீர்க் கெண்டி’ எனப் பிறர் எள்ளினர். 1979இல் ஒரு பெரிய டர்போவிற்கு மாற்றாகச் சிறியவை இரண்டைப் பொருத்தினர். அவ்வாண்டே டிஜோனில் ஜான் பியர் ஜபூயி வென்றார். இதன் உட்பொருள் கணக்கில் உள்ளது. ஒரே வடிவச் சக்கரத்தின் சடத்துவம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கை ஒட்டி மாறும்; விட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறையின், சடத்துவம் மூன்றில் ஒரு பங்களவிற்கு வீழும்.

அதன்பின் வந்த மாற்றங்கள் பல. புகை குறைந்த வேளையில் வழியைக் குறுக்கி அதன் வேகத்தை ஏற்றும் அசையும் சிறகுகள் டீசல் வண்டிகளில் பரவின. எக்சோரா போல்டின் பொறி தன் உச்ச முறுக்குவிசையான 205 நியூட்டன் மீட்டரை 2000 சுற்றிலேயே எட்டியது. 2021இல் வந்த பெரோடுவா அத்தீவாவின் பொறி 1 லிட்டர் கொள்ளளவும் 3 உருளைகளும் மட்டுமே உடையது. சிறு டர்போவின் துணையால் 140 நியூட்டன் மீட்டர் தருகிறது. 2022இல் மெர்சிடிஸ் நிறுவனமோ சாலைக் கார் ஒன்றில் டர்போவின் அச்சிலேயே மின்மோட்டார் ஒன்றைப் பொருத்தியது. அங்கே புகை வருமுன் மின்சாரமே சக்கரத்தைச் சுழற்றிவிடுகிறது.