நீர் தணித்த வெப்பம்: கணிப்பொறி வரலாற்றில் ஓர் ஏடு

தில்லியிலும் நாகபுரியிலும் கோடையைக் கழிக்கும் தமிழ் நேயர்களுக்கு வெப்பத்தின் கொடுமையை நாம் விளக்க வேண்டுவதில்லை. மனிதரை வாட்டும் அவ்வெப்பம், மனிதர் படைத்த கணிப்பொறியையும் விடுவதில்லை. கணிப்பொறியின் மூளையாகிய சி.பி.யூ., தான் உட்கொள்ளும் மின்சாரத்தை இறுதியில் வெப்பமாகவே வெளியிடுகிறது. அவ்வெப்பத்தை நீரைக் கொண்டு அகற்ற அறிஞர் செய்த முயற்சிகளின் வரலாற்றை இங்கு ஒருவாறு நோக்குவோம். பாகங்களைத் தாமே வாங்கிக் கணிப்பொறி அமைக்க விழையும் இளைஞர்கள், சி.பி.யூ.வின் மேல் பொருத்தும் 'வாட்டர் பிளாக்' என்னும் செப்புப் பேழையைத் தெரிந்தெடுக்கவும் இவ்வரலாறு துணைபுரியும்.

1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உலகறிய இயக்கிக் காட்டப்பெற்ற எனியாக் என்னும் பொறியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அது 150 கிலோவாட் அளவில் மின்சாரம் உண்டது. எனினும் ஒரு பெரிய கூடம் முழுவதும் பரந்து நின்றமையால், விசிறிக் காற்றே அதற்குப் போதியதாயிற்று. பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது; பொறி சுருங்கிற்று; வெப்பமோ சிறிய இடத்தில் செறிந்தது. வெப்பம் எவ்வளவு என்பதினும், எத்துணைச் சிறிய பரப்பில் பிறக்கிறது என்பதே பெரிய சிக்கலாயிற்று.

இங்குதான் நீரின் துணை வேண்டப்பட்டது. சம கன அளவில் நோக்கின், நீர் காற்றைப் போல் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை ஏற்க வல்லது. 1980இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 3081 என்னும் பொறியில், நூற்றுக்கு மேற்பட்ட சில்லுகள் ஒன்பது சென்டிமீட்டர் சதுரமான ஒரு பீங்கான் தகட்டில் நெருங்கி அமைந்தன. ஒவ்வொரு சில்லின் முதுகையும் வில்சுருள் அழுத்திய ஓர் உலோகத் தண்டு தொட்டு நின்றது. அத்தண்டுகள் ஏந்திவந்த வெப்பத்தை மேலிருந்த தகட்டினுள் ஓடிய நீர் வாங்கிச் சென்றது. இன்றைய வாட்டர் பிளாக்கின் முன்னோர்களுள் ஒன்றென இதனைக் கூறலாம்.

மறு ஆண்டே, 1981இல், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களான டக்கர்மன், பீஸ் ஆகிய இருவரும் ஒரு புதுவழி காட்டினர். சிலிக்கன் துண்டின் முதுகிலேயே, 50 மைக்ரான் அகலமுள்ள, தலைமயிரை ஒத்த வாய்க்கால்களை வெட்டி அவற்றில் நீரைச் செலுத்தினர். ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து 790 வாட் வெப்பத்தை அகற்றிக் காட்டினர். ஒரே மடையாய்ப் பாயும் நீரினும், பாத்திதோறும் பிரிந்தோடும் நீரே வயலை நன்கு நனைக்கும் அன்றோ? அதுபோல், நுண்ணிய வாய்க்கால்களில் நீர் தொடும் பரப்பும் மிகுகிறது. வெப்பம் நீரினுள் கடக்க வேண்டிய தொலைவும் குறைகிறது.

1990களில் குறைந்த மின்சாரம் உண்ணும் சீமாஸ் சில்லுகள் பரவவே, பெரும்பொறிகள் மீண்டும் காற்றுக்குத் திரும்பின. அக்காலத்தின் இறுதியில்தான் ஆர்வலர்கள் வீட்டுக் கணிப்பொறியை நீரால் குளிர்விக்கத் தலைப்பட்டனர். மீன்தொட்டிப் பம்பும், மோட்டார் வண்டியின் ஹீட்டரிலிருந்து கழற்றிய ரேடியேட்டரும், கையால் குடைந்த செப்புக்கட்டியுமே அவர்தம் கருவிகள். சில்லுகளின் வெப்பம் மறுபடியும் ஏறவே, 2008இல் ஐ.பி.எம்.மும் நீருக்கு மீண்டது. 2019இல் நம் நாட்டுப் புனே நகரில் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் நிறுவப்பட்ட பரம் பிரம்மா என்னும் மீக்கணிப்பொறியும் சில்லை நேரே தொட்டுக் குளிர்விக்கும் நீர்ம முறையைக் கைக்கொண்டது.

இவ்வரலாறு தரும் பாடங்கள் மூன்று. முதலாவது, பேழை சில்லின் வெப்பப் பரப்பு முழுவதையும் தழுவ வேண்டும். 2017இல் திரெட்ரிப்பர் என்னும் அகன்ற சி.பி.யூ. வந்தபோது, பழைய பேழைகள் பல அதன் மேற்பரப்பை முற்றும் மூட இயலாது நின்றன. இரண்டாவது, வாய்க்கால் நுண்ணியதாக ஆகப் பம்பின் ஆற்றலும் நீரின் தூய்மையும் மிகுதியாக வேண்டும். ஆதலின் திருகுகளைக் கழற்றித் துலக்கத்தக்க பேழையே சிறந்தது. மூன்றாவது பாடத்தை நாம் நூலில் கற்கவில்லை, இழப்பில் கற்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மொழிபெயர்ப்பு ஊதியத்தில் சிறுகச் சேர்த்த பணத்தில், கல்லூரியில் பயிலும் நம் மகனுக்கு ஒரு கணிப்பொறி அமைத்தோம். செப்புப் பேழை வாங்கினோம். செலவைக் குறைக்க அலுமினிய ரேடியேட்டரை இணைத்தோம். குழாய் நீரையே ஊற்றினோம். மறு கோடையில், தேர்வுக்குரிய திட்டவேலை பாதியில் நிற்க, பொறி சூடேறித் தானே அணைந்தது. பேழையைத் திறந்தபோது வாய்க்கால்கள் சாம்பல்நிறச் சேற்றால் அடைபட்டிருந்தன. செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் நனையும்போது மின்வேதி வினையால் அலுமினியம் அரிக்கப்படும் என்பதை அன்றுதான் உணர்ந்தோம். அவன் இரு வாரம் நண்பர் வீட்டில் இரவெல்லாம் விழித்து வேலையை முடித்தான். குற்றம் செம்பினதன்று, அலுமினியத்தினதுமன்று. இரண்டையும் சேர்த்த நம்முடையதே.

ஆகவே பேழையும் ரேடியேட்டரும் செம்பால் ஆயினவாக இருத்தல் நன்று. காய்ச்சி வடித்த நீரும், அரிப்பும் பாசியும் தடுக்கும் மருந்தும் வேண்டும். மற்றொன்றையும் நினைவிற் கொள்க. அறையின் காற்று 40 பாகையாயின், ரேடியேட்டரில் குளிரும் நீர் அதற்குக் கீழ் இறங்காது. நல்ல பேழைகளுக்கிடையே உள்ள வேற்றுமை சில பாகைகளே. அச்சில பாகைகளுக்காக மிகுபொருள் கொடுப்பதினும், எளிதில் திறந்து துலக்கத்தக்கதை வாங்கி, ஆண்டுக்கொரு முறை துலக்கி வருவதே அறிவுடைமையாகும்.