நிலைப்பொருள் கலை: சிரம்பான் தோட்டப்புறம்

பழம், பூ, பாத்திரம், கருவி போன்ற அசையாப் பொருள்களை ஓரிடத்தில் வைத்து ஓவியமாகவோ நிழற்படமாகவோ ஆக்குவது நிலைப்பொருள் கலை. ஆப்பிளும் திராட்சையும்தான் இதற்கு உரியவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் நெகிரி செம்பிலான் தலைநகர் சிரம்பானைச் சுற்றி ரந்தாவ், லாபு, சிலியாவ் பகுதி ரப்பர் தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறைகளாகப் புழங்கிய பொருள்களும் இக்கலைக்கு அருமையாகப் பொருந்துபவை.

17ஆம் நூற்றாண்டில் ஹாலந்து ஓவியர்கள் இதைத் தனித்துறையாக வளர்த்தனர். அதற்குச் சற்று முன்பே, 1599 அளவில், இத்தாலியின் கரவாஜியோ வரைந்த பழக்கூடையில் புழு துளைத்த ஆப்பிளும் வாடிய இலைகளும் இடம்பெற்றன. நிழற்படத்தின் தொடக்க காலத்தில் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆகும். ஆடாமல் அசையாமல் நிற்கும் பொருள்களே கைகொடுத்தன. நிழற்பட முன்னோடி டாகேர் 1837இல் எடுத்த ஒரு படம் சாந்துச் சிற்பங்களின் தொகுப்புதான். நம் வட்டாரத்தில், சிங்கப்பூர் நன்யாங் நுண்கலைக் கழகத்தில் 1954 முதல் கற்பித்த ஜோர்ஜெட் சென் (1906–1993), ரம்புத்தானைத் தூரிகைக்குக் கொண்டுவந்தார்.

தோட்டத்துப் பொருள்களில் முதலில் சொல்ல வேண்டியது மங்கு. பால்மரத்தில் (ரப்பர் மரத்தில்) பால் வழியும் பீலிக்குக் கீழே கம்பியில் உட்கார்ந்து பாலை ஏந்தும் சிறு கிண்ணம் அது. பழைய பீங்கான் மங்கு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், உட்புறத்தில் காய்ந்த பால் படலம் படலமாக ஒட்டியிருக்கும். மேலே வெள்ளை, அடுத்து மஞ்சள், அடியில் ஏறக்குறையக் கறுப்பு. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். ஓவியம் பழகுபவருக்கு இந்த ஒரு பொருளே போதும். மரம் சீவும் கத்தியின் பிடியோ கைபட்டுக் கைபட்டு மெருகேறியது. புள்ளியும் வரியுமாகப் பளபளக்கும் ரப்பர் விதைகளும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தேன்நிறம் காட்டும் புகைபோட்ட ரப்பர் தகடும் உடன் வைக்கத்தக்கவை. ஆயுத பூஜைக்குக் கருவிகளைக் கழுவிப் பொட்டிட்டு அடுக்குவது வழக்கம். ஆனால் படத்துக்கு வைக்கும்போது கழுவவே கூடாது. உழைத்த கையின் வரலாறு அந்தக் கறையில்தான் இருக்கிறது.

சிரம்பான் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகைக்குள் இருப்பதால், நண்பகல் வெயில் ஏறக்குறைய நேர்மேலிருந்து விழுந்து நிழலைப் பொருளின் அடியிலேயே ஒடுக்கிவிடும். காலை எட்டு, ஒன்பது மணிக்கு லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) சன்னல் வழியே பக்கவாட்டில் வரும் ஒளியே உகந்தது. பால் நிறைந்த மங்கு ஒன்றைக் கிட்டத்தில் படமெடுப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கேமராவின் ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பலாகவே கணிக்கும், அதனால் பாலின் வெண்மை மங்கிப்போகும். எக்ஸ்போஷரை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டினால் வெண்மை திரும்பும். ஓவியத்திலும் வெறும் வெள்ளை போதாது. நிழல் பக்கம் சிறிது நீலம் சேர்த்தால்தான் பால் திரண்டு நிற்கும்.

ரப்பர் நிலங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபின், இப்பொருள்கள் பழைய தோட்டக் குடும்பங்களின் வீடுகளில் ஒன்றிரண்டாக எஞ்சியுள்ளன. அவற்றை இப்போதே வரைந்தும் படமெடுத்தும் வைக்க வேண்டும். ஒவ்வொரு படத்தின் பின்புறமும் பொருளின் பெயர், அதைப் பயன்படுத்தியவர் செய்த வேலை, தோட்டத்தின் பெயர், ஆண்டு ஆகியவற்றைத் தமிழில் எழுதி வைப்பது அவசியம்.