பாலைவன பைக் பயணம் (சென்னைக் குழுக்கள்)

பாலைவன பைக் பயணம் என்பது, பலர் ஒன்றுசேர்ந்து தத்தம் மோட்டார் சைக்கிளில் தார்ச்சாலையை விட்டிறங்கி, மணலிலும் உப்புப் படுகையிலும் பல நாள் ஓட்டிச் செல்வது. சென்னைக்காரர்களைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் ராஜஸ்தானின் தார் பாலைவனத்தையோ குஜராத்தின் கட்ச் ரண்ணையோ குறிக்கும். அடையாறு, மயிலாப்பூர், தி. நகர் பக்கத்து ஓட்டிகள் இதற்கு வைத்திருக்கும் ஒரே சொல் 'ரைடு'. ஞாயிறு விடியற்காலையில் மத்திய கைலாஷ் அருகே கூடி, ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய் இட்லி சாப்பிட்டுத் திரும்புவதும் அவர்களுக்கு ரைடுதான். அந்த ரைடுக்கும் இந்த ரைடுக்கும் நடுவே 2,000 கிலோமீட்டருக்கு மேல் கிடக்கிறது.

பாலையும் சாத்தும்

தமிழ் மரபில் பாலை மணற்காடு அல்ல. தொல்காப்பியம் அதற்குத் தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து தம் இயல்பு இழக்கும்போது பாலையாகின்றன என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். ஆனால் அந்த நிலத்தைக் கடக்கும் முறை பழைய பாடல்களில் தெளிவாக இருக்கிறது: வழிப்பறி செய்யும் ஆறலை கள்வருக்கு அஞ்சி வணிகர் தனியே போவதில்லை, சாத்தாகச் சேர்ந்து போவார்கள். உப்பு விற்கும் உமணர், வண்டியின் அச்சு மேட்டிலோ பள்ளத்திலோ முறியலாம் என்று அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்பியதைப் புறநானூறு சொல்கிறது. இன்றைய ஓட்டி பெட்டியில் வைத்திருக்கும் மாற்று ட்யூபும் கிளட்ச் கேபிளும் அந்த அச்சின் வாரிசுகள். 'குரூப் ரைடு' என்பதற்குச் சாத்து என்ற சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை. அதைவிடப் பொருத்தமான சொல்லும் கண்ணில் படவில்லை.

வண்டிகள்

சென்னைக்கும் ராஜஸ்தான் எல்லைக்கும் பைக் வழியாக ஏற்பட்ட உறவு பழையது. எல்லைக் காவலுக்காக இந்திய அரசு 1954இல் 800 புல்லட் 350 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அதையொட்டி 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ஆனாலும் மணலில் புல்லட் சுகமான வண்டி என்று சொல்ல முடியாது. கனம் அதிகம், முன்சக்கரம் உழுதுகொண்டே போகும்.

2016இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் நிலைமையை மாற்றியது. 411 சி.சி. இன்ஜின், 21 அங்குல முன்சக்கரம், 220 மில்லிமீட்டர் தரை இடைவெளி, 15 லிட்டர் டேங்க் என்று கரடுமுரடான பாதையை மனத்தில் வைத்துச் செய்த வண்டி. 2023 நவம்பரில் 452 சி.சி. இன்ஜினும் 17 லிட்டர் டேங்கும் கொண்ட அடுத்த ஹிமாலயன் வந்தது. ஏறக்குறைய 200 கிலோ எடையை மட்டும் இரண்டுமே விடவில்லை. அதனால் 200 சி.சி.யே உள்ள, 150 கிலோவை ஒட்டிய ஹீரோ எக்ஸ்பல்ஸ் வைத்திருப்பவரை நெடுஞ்சாலையில் எல்லோரும் முந்துவார்கள். மணல்மேட்டில் அவர் எல்லோரையும் முந்துவார்.

போய்ச் சேர்தல்

நேர்வழி தேசிய நெடுஞ்சாலை 48. பூந்தமல்லி தாண்டிப் பிடித்தால் வேலூர், கிருஷ்ணகிரி, பெங்களூரு, ஹூப்ளி, புனே, மும்பை, சூரத், அகமதாபாத், உதய்ப்பூர் என்று டெல்லி வரை அதே எண். போகவர மட்டும் எட்டு நாளாவது கரையும். விடுப்பு கிடைக்காதவர்கள் வண்டியை ரயிலில் அனுப்பிவிட்டுப் பின்னால் போகிறார்கள். சென்னை சென்ட்ரலிலிருந்து அகமதாபாத் செல்லும் நவஜீவன் எக்ஸ்பிரஸ் கட்ச் போகிறவர்களுக்கு வசதி.

சென்ட்ரல் பார்சல் ஆபீஸில் நடப்பது ஒரு தனிச் சடங்கு. டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக்கூடாது. பெட்ரோல் ட்யூபைக் கழற்றி வாட்டர் பாட்டிலில் வடிப்பார்கள். ஆர்.சி. நகலும் அடையாள அட்டை நகலும் கொடுக்க வேண்டும். பிறகு கட்டுகிற ஆட்கள் வந்து ஹெட்லைட், டேங்க், ஹேண்டில்பார் எல்லாவற்றுக்கும் வைக்கோல் அணைத்து, சாக்கு சுற்றி, கோணி ஊசியால் தைத்துவிடுவார்கள். புறப்படும் ஊர், சேரும் ஊர் எழுதிய அட்டை தொங்கும். இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய வண்டி, ஐந்து நிமிடத்தில் வெங்காய மூட்டை மாதிரி ஆகிவிடும். அந்தப் பக்கம் இறங்கியதும் எல்லோரும் முதலில் தேடுவது பெட்ரோல் பங்கைத்தான், அதுவும் வண்டியைத் தள்ளிக்கொண்டே.

மணலில் ஓட்டுவது

சாலையில் கற்றது எல்லாம் மணலில் தலைகீழ். பயம் வந்தால் வேகத்தைக் குறைக்கத் தோன்றும்; குறைத்தால் முன்சக்கரம் புதையும். முன்பிரேக்கைத் தொட்டால் அங்கேயே சாய வேண்டியதுதான். டயரில் வழக்கமாக இருக்கும் காற்றை 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கிவிட்டால் டயர் அகன்று மணலின் மேல் மிதக்கும். ஃபுட்பெக்கில் எழுந்து நின்று, உடலைச் சற்றுப் பின்னே சாய்த்து, முழங்காலால் டேங்கை அணைத்து, பார்வையைத் தூரத்தில் வைக்க வேண்டும். ஹேண்டில்பார் இடமும் வலமும் ஆடும். ஆடட்டும் என்று விட்டுவிட வேண்டும். இறுக்கிப் பிடிப்பவர்கள்தான் விழுகிறார்கள். "மச்சி, திராட்டில விடாதே" என்பதே மணலில் அதிகம் காதில் விழும் கூவல்.

புதைந்துவிட்டால் திராட்டிலைத் திருகிக்கொண்டே இருப்பது முதல் தவறு. பின்சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும், கிளட்ச் தட்டுகள் தீய்ந்து நாறும். இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியை அப்படியே பக்கவாட்டில் படுக்கப் போட வேண்டும். சக்கரம் இருந்த குழியைக் காலால் மணல் தள்ளி மூடி, பிறகு நிமிர்த்தினால் வண்டி மேட்டில் நிற்கும். இதைத் தனியாளாக ஒருமுறை செய்யலாம். மூன்றாம் முறை செய்யும்போது குடிக்க வைத்த தண்ணீர் தீர்ந்துபோயிருக்கும். ஆளுக்கு நாளைக்கு 4, 5 லிட்டர் என்று கணக்கு வைப்பது அதனால்தான்.

அதிகாலையில் மணல் குளிர்ந்து கெட்டியாக இருக்கும். உச்சிவெயிலில் நிழல் இல்லாததால் மேடு எது, பள்ளம் எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. மணற்குன்றின் மறுபக்கம் செங்குத்தாக இறங்கும். எனவே முதல் ஆள் உச்சியில் நின்று எட்டிப் பார்த்துக் கை காட்டும்வரை அடுத்தவர் ஏறக்கூடாது.

வரிசையும் கடைசி வண்டியும்

குழுவின் முன்னால் போகிறவர் 'லீட்', பின்னால் வருகிறவர் 'ஸ்வீப்'. படங்களில் முன்னால் போகிறவருக்குத்தான் இடம். உண்மையில் குழுவைக் கட்டிக் காப்பது கடைசி வண்டி. பஞ்சர் கிட், காற்றடிக்கும் பம்ப், முதலுதவிப் பெட்டி எல்லாம் அங்கேதான் இருக்கும். யாரையும் முந்தக்கூடாது என்பது ஸ்வீப்புக்கு விதி. நடுவில் வருகிற ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருபவர் கண்ணாடியில் தெரிகிறாரா என்று பார்க்க வேண்டும். தெரியவில்லை என்றால் நின்றுவிட வேண்டும். அவர் நின்றால் அவருக்கு முன்னவர் நிற்பார். இப்படி யாரும் கத்தாமலே, செய்தி கடைசியிலிருந்து முதல் ஆளை எட்டிவிடும். செல்பேசி சிக்னல் இல்லாத இடங்களில் இதைவிட நம்பகமான ஏற்பாடு இல்லை. மிகச் சிறந்த ஓட்டியை முன்னால் விடுகிற குழுவைவிட, பின்னால் விடுகிற குழுவே விவரமான குழு.

இடங்கள்

ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள சம் மணற்குன்றுகள் பேர்பெற்றவை. ஒட்டகமும் ஜீப்பும் நிறைந்து, அமைதியைத் தேடிப் போனவருக்கு ஏமாற்றம் தருபவை. குரி கொஞ்சம் பரவாயில்லை. 1971 டிசம்பர் போரில் பேர்பெற்ற லோங்கேவாலாவும் தனோட் மாதா கோயிலும் நல்ல தார்ச்சாலையிலேயே வருகின்றன. தனோட்டுக்கு அப்பால் எல்லைப் பக்கம் போக அனுமதி வேண்டும்.

இந்தப் பகுதியில் 3,162 சதுர கிலோமீட்டர் பரந்திருக்கும் பாலைவன தேசியப் பூங்காவுக்குள் மணற்குன்றின் மேல் வண்டி ஏற்றக்கூடாது. அங்கே எஞ்சியிருக்கும் பறவை கானமயில். வான்கோழி கான மயிலைப் பார்த்து ஆடிய பாட்டால் அந்தப் பேர் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பறவை அழிவின் விளிம்பில் நிற்பது அவ்வளவாகத் தெரியாது. அது தரையில் முட்டையிடுவது.

கட்ச் வேறு விதம். மழைநீர் வற்றி உப்பு இறுகிய பிறகு, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். வெள்ளைத் தரை கல் போலத் தோன்றும். மேலோட்டுக்குக் கீழே ஈரச் சேறு. உடைத்துக்கொண்டு இறங்கிய பைக்கை எடுக்க நாலு பேர் போதாது. காவ்டாவிலிருந்து தோலாவிரா போகும் சாலை இருபுறமும் உப்பு வெளியை வைத்துக்கொண்டு நேராக ஓடுகிறது. முடிவில் 2021இல் உலகப் பாரம்பரியச் சின்னமான சிந்துவெளி நகரம்.

பந்தயங்கள்

1977இல் லிபியப் பாலைவனத்தில் பைக்கோடு வழிதவறிய தியெரி சபீன் தொடங்கியதுதான் டக்கார் ராலி. முதல் பந்தயம் 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸிலிருந்து கிளம்பியது. 2020 முதல் சவூதி அரேபியாவில் நடக்கிறது. 2015இல் சி.எஸ். சந்தோஷ் அதை ஓட்டி முடித்த முதல் இந்தியரானார், 36ஆம் இடம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி.எஸ். மோட்டார், பிரான்ஸின் ஷெர்கோவுடன் சேர்ந்து களமிறங்கியது. அந்த அணியின் ஹரித் நோவா 2024இல் ராலி 2 பிரிவை வென்று, மொத்தத்தில் 11ஆவதாக வந்தார்.

பழகும் இடம்

சென்னையில் மணல் இருக்கிறது, பழகத்தான் முடியாது. எலியட்ஸ் கடற்கரையில் பைக்கை இறக்கினால் போலீஸ் விடாது. தவிர, ஜனவரி முதல் மார்ச் வரை நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைக் காக்கிறது. தமிழ்நாட்டின் உண்மையான மணற்குன்றுகள் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரிகள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் தென்மேற்குக் காற்று குவித்த செம்மணல். குதிரைமொழித் தேரி காப்புக்காடு என்பதால் அங்கும் வனத்துறையைக் கேட்காமல் நுழைய முடியாது.

திரும்பி வந்ததும்

ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் மாவு போல மணல் கொட்டும். செயினில் எண்ணெயோடு கலந்த மணல் ஸ்ப்ராக்கெட்டின் பல்லைத் தின்றிருக்கும். புதுப்பேட்டைக்கோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கோ ஒரு நடை போக வேண்டும். கட்ச் போய்வந்த வண்டி என்றால் இன்னொரு வேலை. சேஸிஸின் மூலைமுடுக்கிலும் ஸ்போக்கின் வேரிலும் வெள்ளையாகப் படிந்திருப்பதை நல்ல தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். விட்டால் துரு ஏறும். உமணர் விலைக்கு ஏற்றிப்போன சரக்கு, மயிலாப்பூர்ச் சந்தில் ஒரு வாளித் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகிறது.